தீத்து வந்து சேர்ந்தபோது

அன்பான சகோதர சகோதரிகளே,

இப்போது நாம் வாசித்தது, அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபமாகிய 2 கொரிந்தியர் முதலாம் அதிகாரம், 3 முதல் 7 வரையுள்ள வசனங்கள். ஐந்தே வசனங்கள்தான். அதற்குள் ஆறுதல் என்ற சொல், பெயராகவும் வினையாகவும், கிரேக்க மூலத்தில் 10 முறை வருகிறது. ஒரே சொல்லை ஒருவர் இத்தனை தடவை எழுதுகிறார் என்றால், அது அவருக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்க வேண்டும்!

அடுத்த வசனத்தில் பவுலே சொல்லிவிடுகிறார். ஆசியாவில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) தமக்கு நேரிட்ட உபத்திரவத்தில், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்கிறார். அங்கே என்ன நடந்தது? வியாதியா, சிறையா, கலகமா? அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதும் நல்லதுக்குத்தான் என்று நினைக்கிறேன். பெயர் சொல்லியிருந்தால், 'என் கஷ்டம் இது இல்லையே' என்று நம்மில் பலர் ஒதுங்கிப் போயிருப்போம்.

இந்தப் பகுதியைத் தனியாகப் படித்தால் பாதிதான் விளங்கும். மீதி இதே நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்திலும் 7-ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது.

பவுல் துரோவா பட்டணத்துக்கு வருகிறார். ஊழியத்துக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் அவரால் அங்கே இருக்க முடியவில்லை. ஏன்? அவருடைய உடன் ஊழியன் தீத்து அங்கே இல்லை. கொரிந்து சபைக்கும் பவுலுக்கும் மனஸ்தாபம். மிகுந்த கண்ணீரோடு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்ற செய்தியைத் தீத்துதான் கொண்டுவர வேண்டும். ஆள் வரவில்லை. 'என் ஆவிக்கு அமைதலில்லாதிருந்தது' என்று ஒளிக்காமல் எழுதுகிறார். திறந்த வாசலை விட்டுவிட்டு, கடல் தாண்டி மக்கெதோனியாவுக்குப் புறப்பட்டுவிட்டார். அங்கேயும் நிம்மதி இல்லை. வெளியே போராட்டம், உள்ளே பயம்.

பயம் என்று ஒரு அப்போஸ்தலன் சொல்கிறார். துக்கத்தில் இருக்கிறவர்களிடம் 'விசுவாசம் இருந்தால் பயம் வராது' என்று யாராவது சொன்னால், இந்த வசனத்தை அவர்களுக்குக் காட்டுங்கள்.

சரி, தேவன் அவருக்கு எப்படி ஆறுதல் செய்தார்? இதே நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில், 14 வருடங்களுக்கு முன்பு மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்ட அனுபவத்தைச் சொல்கிற மனிதர் இவர். அப்படிப்பட்டவருக்கு இன்னொரு தரிசனம் கொடுக்கத் தேவனால் முடியாதா? கொடுக்கவில்லை. 'சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல்செய்கிற தேவன் தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல்செய்தார்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஒரு ஆள் வந்து சேர்ந்தார், அவ்வளவுதான். அதைப் பவுல், 'நண்பன் வந்தான், மனசு லேசாயிற்று' என்று எழுதவில்லை. தேவன் செய்தார் என்று எழுதினார்.

அடுத்த வசனத்தையும் பாருங்கள். தீத்துவுக்கு அந்த ஆறுதல் எங்கிருந்து கிடைத்தது? கொரிந்தியரிடமிருந்து! பவுலை நோகடித்த அதே சபை மனம் வருந்தி, தீத்துவைத் தேற்றி அனுப்பியிருக்கிறது. தீத்து அதைப் பவுலிடம் கொண்டுவந்தார். பவுல் அதை எழுதி, திரும்பவும் கொரிந்துக்கே அனுப்புகிறார். அந்தக் கடிதம்தான் இன்று நம் கையில் இருக்கிறது. கை மாறி மாறி வந்த ஆறுதல் இது. இதில் ஒருவர் 'எனக்குக் கிடைத்தது எனக்குப் போதும்' என்று வைத்துக்கொண்டிருந்தால், நம் வரைக்கும் வந்திருக்காது.

என் வாழ்க்கையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தாயார் இறந்த வாரத்தில் நிறையப் பேர் வந்தார்கள், நிறைய வசனங்கள் சொன்னார்கள். எல்லாம் உண்மையான வசனங்கள்தான். ஆனால் அன்றைக்கு ஒன்றும் என் காதுக்குள் போகவில்லை. ஒரு சாயங்காலம், சபையிலே அதிகம் பேசாத ஒரு அம்மா வந்தார். ஒரு வருடத்துக்கு முன்னால் மகனைப் பறிகொடுத்தவர். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் தாயாரின் மூக்குக்கண்ணாடி மேஜைமேல் அப்படியே கிடந்தது. எடுத்து வைக்க எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை. அதைக் கையில் எடுத்தார், தன் முந்தானையால் இரண்டு பக்கமும் மெதுவாகத் துடைத்தார், மடக்கி, திரும்ப அதே இடத்தில் வைத்தார். 'இப்போதைக்கு எடுக்க வேண்டாம் தம்பி, இருக்கட்டும்' என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரைக்கும் நான் அழவே இல்லை.

அந்த அம்மாவுக்கு வேதசாஸ்திரம் தெரியாது. எதை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது என்று தெரிந்திருந்தது. அது தன் வீட்டில், தன் மகனுடைய பொருள்களுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் கற்றுக்கொண்டது.

தமிழில் ஆறுதல் என்பதே அழகான சொல். கொதிக்கிறது ஆற வேண்டும், புண் ஆற வேண்டும். இரண்டுக்கும் நேரம் ஆகும். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் 7 நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். அப்புறம் வாயைத் திறந்தார்கள், காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் 'நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்' என்று யோபு சொல்லும்படி ஆயிற்று. இறந்துபோன தம் சிநேகிதன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும், ஆண்டவர் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டாரே! முடிவு தெரிந்தவரே அழுதார் என்றால், முடிவு தெரியாத நாம் எதற்கு விளக்கம் சொல்ல அவசரப்படுகிறோம்?

'எனக்கு அந்த மாதிரிக் கஷ்டம் வந்ததில்லை, நான் போய் என்ன சொல்வது?' என்று பலர் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். தேவன் நமக்குச் செய்த ஆறுதலினால் நாமும் மற்றவர்களுக்கு ஆறுதல் செய்ய வேண்டும் என்கிற, நாம் வாசித்த 4-ஆம் வசனத்தை மறுபடி வாசியுங்கள். 'எந்த உபத்திரவத்திலாகிலும் அகப்படுகிறவர்களுக்கு' என்றுதான் இருக்கிறது. அந்த அம்மா இழந்தது மகனை, நான் இழந்தது தாயை. கொடுக்க வேண்டியது தேவனிடத்தில் பெற்ற ஆறுதலை. அதற்கு உங்கள் காயமும் அவர்கள் காயமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. இன்னொன்று: போய் உட்கார்ந்ததும் உங்கள் கதையைத் தொடங்கிவிடாதீர்கள். கேட்டால் சொல்லுங்கள். நீங்கள் அதைக் கடந்து வந்திருப்பது உங்கள் முகத்திலேயே அவர்களுக்குத் தெரியும்.

இங்கே இன்றைக்கு ஆறுதல் கிடைக்காமலே உட்கார்ந்திருக்கிறவர்களும் இருப்பீர்கள். ஜெபிக்கக்கூட வாய் வரவில்லை என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. உங்களை அவசரப்படுத்த மாட்டேன். 88-ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதுவும் வேதத்தில் இருக்கிறது. அந்தப் புலம்பலையே உங்கள் ஜெபமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், யாராவது உங்கள் கதவைத் தட்டினால், தயவுசெய்து திறங்கள். பவுலே ஒருவர் வருகைக்காகக் கடல் தாண்டிப் போய்க் காத்திருந்தார்.

அந்த அம்மா இப்போது உயிரோடு இல்லை. அவர் அடக்கத்தன்று அவருடைய மகளைப் பார்க்கப் போனேன். எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறேன், அன்று எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. கதவுக்குப் பின்னால் அவருடைய செருப்பு கிடந்தது. உறவினர் ஒருவர் அதை அப்புறப்படுத்தக் குனிந்தார். 'இப்போதைக்கு இருக்கட்டும்' என்றேன். அந்த மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.