தேயிலைப் பெட்டியில் ஒரு தந்தி

நேயர்களுக்கு வணக்கம். சிட்னிக்கு வந்து பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. வெள்ளிக்கிழமை இரவில் கூப்பிட்டால் நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று கேட்கிற நண்பர்கள் நிறையப் பேர். அவர்களுக்கெல்லாம் சேர்த்து இன்று பதில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பகுதியில் பழைய பலகை மண்டபம் ஒன்று இருக்கிறது. தகரக் கூரை. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அங்கே இருபது, இருபத்தைந்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது. வந்தவர்கள் வட்டத்தில் உட்காருவார்கள். ஒருவர் தொடங்குவார், அப்புறம் அடுத்தவர், அடுத்தவர் என்று முறை நகர்ந்து வரும். உங்கள் முறை வரும்போது நீங்களே பாடலாம். கருவி வாசிக்கலாம். ஒரு கவிதையைச் சொல்லலாம். இன்னொருவரைக் கைகாட்டி, அந்தப் பாட்டைப் பாடுங்கள் என்று கேட்கலாம். எதுவும் வேண்டாம் என்றால் தலையசைத்து விட்டுவிடலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் பல்லவி வந்ததும் எல்லோரும் பாட வேண்டும். அந்த மண்டபத்தில் சும்மா உட்கார்ந்து கேட்பவர் என்று ஒருவர் இல்லை. நான் முதல் எட்டு மாதம் தலையை மட்டும் அசைத்தேன். பல்லவிகளை மட்டும் பாடினேன். அதற்கே எனக்கு ஒரு நாற்காலி இருந்தது.

இது ஒரு நாட்டார் இசை கிளப். ஆஸ்திரேலியாவில் இப்படிப் பல கிளப்கள் இருக்கின்றன. இவை எப்படித் தோன்றின என்ற கதை எனக்கு மிகவும் பிடித்த கதை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1952ஆம் ஆண்டு. சிட்னிக்குத் தெற்கே ஹீத்கோட் என்ற ஊரில் மூன்று பேர் சேர்ந்து பழைய நாட்டுப்புறப் பாட்டுகளைப் பாடத் தொடங்கினார்கள். ஜான் மெரிடித் பொத்தான் அக்கார்டியன் வாசித்தார். ஜாக் பேரி கையில் ஒரு தேயிலைப் பெட்டி. பிரையன் லாஃப்லின் கையில் லாகர்ஃபோன். தேயிலைப் பெட்டிக்குப் பிறகு வருகிறேன். லாகர்ஃபோன் என்பது வேறொன்றுமில்லை, ஒரு துடைப்பக் கட்டை. அதில் பியர் போத்தல் மூடிகளைத் தளர்வாக ஆணியடித்துக் கோத்திருப்பார்கள். கட்டையைத் தரையில் ஒரு குத்து, பல் வெட்டிய இன்னொரு குச்சியால் ஒரு உரசல். சலங்கையும் தாளமும் சேர்ந்த மாதிரி ஒரு சத்தம் வரும். தங்கள் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் புஷ்வாக்கர்ஸ். புஷ் என்றால் இங்கே வெறும் காடு இல்லை. நகரத்துக்கு வெளியே விரிந்து கிடக்கிற நிலம், அதில் ஆட்டு ரோமம் வெட்டியவர்கள், மந்தை ஓட்டியவர்கள், வேலை தேடி நடந்தவர்கள், அவர்களுடைய பேச்சு, பழக்கம் எல்லாம் அந்தச் சொல்லில் அடங்கும்.

1953இல் சிட்னியின் நியூ தியேட்டர் ஒரு இசை நாடகத்தை மேடையேற்றியது. 1891இல் ரோமம் வெட்டும் தொழிலாளர்கள் நடத்திய பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிந்தைய நாட்களைச் சொல்லும் நாடகம். அதில் புஷ்வாக்கர்ஸ் மேடையேறிப் பாடினார்கள். நாடகம் நன்றாக ஓடியது. பார்த்தவர்களில் பலர் வந்து, எங்களையும் உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள்.

இந்த இடத்தில்தான் நான் எப்போதும் கொஞ்சம் நின்றுவிடுவேன். பெயர் கிடைத்துவிட்ட ஒரு குழு என்ன செய்யும்? நல்ல குரலாக நாலு பேரைப் பொறுக்கி எடுக்கும். மற்றவர்களை டிக்கெட் வாங்கிக் கேட்கச் சொல்லும். இவர்கள் 1954இல் ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். பெயர் புஷ் மியூசிக் கிளப். வருகிறவர்களுக்குப் பாட்டுகளைச் சொல்லித் தருவது, நீங்களே ஒரு குழு கட்டிக்கொள்ளுங்கள் என்று அனுப்புவது, இதுதான் வேலை. புஷ்வாக்கர்ஸ் 1957இல் கலைந்துவிட்டது. கிளப் இன்றும் நடக்கிறது. சிட்னியின் மேரிக்வில் பகுதியில், ஒரு காலத்தில் ராணுவ முகாமாக இருந்த அடிசன் ரோடு வளாகத்தில் அவர்களுடைய கூடம் இருக்கிறது. அதற்கு ட்ரிட்டன் மண்டபம் என்று பெயர்.

ட்ரிட்டன் யார் என்று கேட்பீர்கள். டியூக் ட்ரிட்டன் 1886இல் பிறந்தவர். இளம் வயதிலேயே சாலையில் இறங்கியவர். ரோமம் வெட்டியிருக்கிறார், தெருவில் பாடிப் பிழைத்திருக்கிறார், இன்னும் கை வைக்காத வேலை இல்லை. கிளப் தொடங்கியபோது அவருக்கு வயது எழுபதை நெருங்கிவிட்டது. நகரத்து இளைஞர்கள் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்த பாட்டுகளை அவர் ரோமம் வெட்டும் கொட்டகைகளில் நேரில் கேட்டுப் பாடியவர். வயதான பின்னும் புதிதாகப் பாட்டுக் கட்டினார். ஒரு கட்டடத்துக்குப் பெயர் வைக்க இவரைவிடப் பொருத்தமான ஆளை நான் கண்டதில்லை.

மெரிடித் இன்னொரு காரியம் செய்தார். அந்தக் காலத்து டேப் ரெக்கார்டர் ஒரு பெட்டி கனம். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், வயதானவர்களின் அடுக்களையில் உட்கார்ந்து, உங்கள் அம்மா என்ன பாடுவார் என்று கேட்டார். அப்படிக் கேட்டபோது கிடைத்தவர்தான் லித்கோ நகரத்தில் இருந்த சாலி ஸ்லோன் அம்மையார். அக்கார்டியன், பிடில், மவுத் ஆர்கன் மூன்றும் வாசிப்பார். அயர்லாந்திலிருந்து வந்த பாட்டியிடம் அம்மா கற்றதை, அம்மாவிடமிருந்து இவர் கற்றிருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளும் மெட்டுகளும் அந்த ஒரு பெண்ணின் நினைவில் இருந்தன. யாராவது வந்து கேட்டிருக்காவிட்டால் 1982இல் அவரோடு அத்தனையும் போயிருக்கும். மெரிடித்தின் ஒலிநாடாக்கள் இப்போது கன்பராவில் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. பதிவுகளில் சில இடங்களில் பின்னால் பாத்திரச் சத்தம் கேட்கும். எனக்கு அந்தச் சத்தமும் பிடிக்கும்.

இந்தப் பாட்டுகள் சுத்த ஆஸ்திரேலியச் சரக்கா என்று சிலர் கேட்பார்கள். ரோமக் கத்தரியின் சத்தத்தைப் பல்லவியாக வைத்த பாட்டு ஒன்று இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதன் மெட்டு ஹென்றி கிளே வொர்க் என்ற அமெரிக்கருடையது. அந்த மெட்டுக்கு இந்த ஊர்க்காரர் யாரோ கொட்டகை வாழ்க்கையைச் சொல்லாக்கினார். 1891இல் விக்டோரியாவின் பாக்கஸ் மார்ஷ் ஊர்ப் பத்திரிகை ஒன்றில் அதன் பழைய வடிவம் அச்சாகியிருக்கிறது. கப்பலில் வந்த மெட்டு, இங்கத்து வியர்வை. எங்கள் கிளப்பில் யாரும் இதற்கு வெட்கப்படுவதில்லை.

சரி, கிளப்பில் பாட்டு மட்டும்தானா? மாதம் ஒரு சனிக்கிழமை நடனம் இருக்கும். புஷ் டான்ஸ் என்பார்கள். நடனம் தெரியாதவர்கள்தான் பாதிப் பேர் வருவார்கள். அதனால் ‘காலர்’ என்று ஒருவர் முன்னால் நின்று ஒவ்வொரு அடியையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். குதிகால், நுனிக்கால், குதிகால், நுனிக்கால். பக்கவாட்டில் நாலு அடி. திரும்ப இந்தப் பக்கம் அதேபோல. அப்புறம் எதிரில் நிற்பவரோடு வலக்கை மூன்று தட்டு, இடக்கை மூன்று, இரண்டு கையும் மூன்று, தன் முழங்காலில் மூன்று. முழங்கை கோத்து ஒரு சுற்று, விட்டுவிட்டு அடுத்த ஜோடி. ஐந்து நிமிடத்தில் மண்டபத்தில் இருக்கிற எல்லோருடைய கையையும் நீங்கள் தட்டியிருப்பீர்கள். புதிதாக வந்த ஊரில், யாரையும் தெரியாத ஊரில், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று குடிபெயர்ந்து வந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடைவேளையில் தேநீர், ஆளுக்கு ஒன்று கொண்டுவந்த பலகாரம். நான் உளுந்து வடை சுட்டுக்கொண்டு போவேன். திரும்பி வரும்போது பாத்திரம் காலி.

இந்த நடனங்களையும் தேடிப் போனவர்கள் உண்டு. மெல்பர்னில் ஷர்லி ஆண்ட்ரூஸ் என்று ஒருவர். தொழிலால் உயிர்வேதியியல் ஆய்வாளர். மறைந்துகொண்டிருந்த பழைய நடனங்களை ஆராய்ந்து, எழுதி, சொல்லிக்கொடுத்தார். இன்னொரு பக்கம் பூர்வகுடி மக்களின் உரிமைக்காகப் போராடினார். பூர்வகுடி மக்கள் தொடர்பாக அரசியலமைப்பை மாற்ற நடந்த 1967 பொது வாக்கெடுப்புக்கான இயக்கத்தில் அவருடைய உழைப்பு பெரியது.

அதைச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். பழைய புஷ் பாட்டுகள் பலவற்றில் இந்த நிலத்தின் சொந்தக்காரர்கள் வருவதே இல்லை. வருகிற சில இடங்களிலோ, வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற வார்த்தைகளில் வருகிறார்கள். எங்கள் கிளப்பில் இதைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேசினோம். அந்த அடிகளை விட்டுவிட்டுப் பாடலாம் என்றார் ஒருவர். அந்தப் பாட்டே வேண்டாம் என்றார் இன்னொருவர். பாடாவிட்டாலும் மறைக்கக் கூடாது, இப்படியும் எழுதினார்கள் என்று சொல்லத்தான் வேண்டும் என்றார் ஒரு பெரியவர். நான் அந்தப் பெரியவரோடு நிற்கிறேன். யூகலிப்டஸ் இலையை உதட்டில் வைத்து ஊதி, பூர்வகுடி மக்கள் முழுக் குழுக்களாகவே வாசித்திருக்கிறார்கள். 1932இல் சிட்னி துறைமுகப் பாலம் திறந்த அன்று வல்லாகா ஏரிப் பகுதியின் இலைக் குழு அணிவகுப்பில் வாசித்துப் போனது. ஒரு இலை போதும் வாசிக்க. இந்தக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே நாட்டார் இசை என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2020ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சேர்ந்து பாடுவதே ஆபத்து என்று ஆன காலம். நாங்கள் கணினித் திரையில் கூடினோம். ஆனால் இணையத்தில் ஒருவர் குரல் இன்னொருவரை வந்து சேரக் கொஞ்சமாவது பிந்தும். பல்லவியை எல்லோரும் சேர்ந்து பாடினால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். ஆகவே ஒருவர் பாட, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுத் தத்தம் வீட்டில் பல்லவி பாடுவோம். பாடுகிறவருக்கு எங்கள் வாய் அசைவது மட்டும் தெரியும். எண்பது தாண்டிய ஒருவர், பேரன் வைத்துக் கொடுத்த கணினி முன்னால், ஒவ்வொரு வாரமும் சட்டை மாற்றி, தலை வாரி வந்து உட்காருவார். மண்டபம் மறுபடி திறந்தபோது அவர் இல்லை. அவருடைய நாற்காலியில் யாரும் உட்காராமல் சில வாரம் போனது. அப்புறம் ஒரு பதினாறு வயதுப் பையன் மாண்டலினோடு வந்து, தெரியாமல் அதிலேயே உட்கார்ந்தான். அதுவே நல்லது என்று எல்லோருக்கும் தோன்றியது.

இப்போது அந்தத் தேயிலைப் பெட்டி. பழைய ஒட்டுப்பலகைப் பெட்டியைக் கவிழ்த்து, நடுவில் ஒரு கயிறு கோத்து, கயிற்றின் மறு முனையை ஒரு துடைப்பக் கட்டையின் நுனியில் கட்டுவார்கள். கட்டையைப் பெட்டியின் ஓரத்தில் ஊன்றி, முன்னும் பின்னும் சாய்த்துக் கயிற்றைச் சுண்டினால் ஆழமான ‘தும் தும்’ கேட்கும். ஸ்வரம் சாய்வில் இருக்கிறது. எங்கள் கிளப்பில் இருப்பது அசல் பழைய பெட்டி. மூலைகளில் தகரப் பட்டை. முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கு வாசனை வந்த மாதிரி இருந்தது. நான் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். என் அப்பாயி அறுபது வயது வரை கொழுந்து பறித்தவர். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியா குடித்த தேயிலையில் பெரும் பங்கு இலங்கையிலிருந்து இப்படிப்பட்ட பெட்டிகளில்தான் வந்தது. இந்த ஊர்க்காரர்களின் தாளம் எங்கள் மலையிலிருந்து வந்த பெட்டியில் இருக்கிறது என்று நான் சொன்னபோது, அதை வாசிப்பவர் பெட்டியைப் புரட்டி அடியில் ஏதாவது எழுத்து தெரிகிறதா என்று விளக்கு பிடித்துத் தேடினார். தேய்ந்து போயிருந்தது.

அப்படியானால் அந்த மலையில் என்ன பாடுவார்கள் என்று கேட்டார்.

ஒன்பதாவது மாதம், என் முறை வந்தபோது நான் தலையசைக்கவில்லை. அப்பாயி பாடிக் கேட்ட ஒரு பாட்டு, கங்காணியையும் கொழுந்து நிறுக்கிற தராசையும் பற்றியது. முதலில் பொருளைச் சொன்னேன். ரோமம் வெட்டியவர்களின் பாட்டில் கணக்கெழுதும் மேலாள் எத்தனையோ முறை வருகிறார். அதனால் தராசு ஏன் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பல்லவி இரண்டாம் முறை திரும்பி வந்தபோது அந்த ஒரு வரியை அவர்களும் பாடினார்கள், தமிழில், ‘ழ’ எப்படியோ இருந்தாலும். பெட்டி ‘தும் தும்’ என்று கூடவே வந்தது.

மூன்றாவது அடி எனக்கு ஞாபகமில்லை. அண்மையில்தான் அம்மாவைக் கூப்பிட்டேன். அவருக்கும் பாதிதான் வந்தது. கீழ் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கும் ஒரு பெரியம்மாவுக்கு முழுதும் தெரியுமாம். ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக்கு அவரை வரச் சொல்லியிருக்கிறார். போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள், பாத்திரச் சத்தம் கேட்டாலும் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

நன்றி நேயர்களே, வணக்கம்.