பென்ஷனுக்கும் வழிச்செலவு உண்டு

வணக்கம். இந்த வாரம் வாடகை வீடா சொந்த வீடா என்று பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். செவ்வாய்க்கிழமை பேங்க்கில் நடந்தது இன்னும் மனதில் கொதித்துக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லி முடிக்காமல் வேறு எதை ஆரம்பித்தாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

என் 100 பங்குக் கணக்கு உங்களில் பலருக்குத் தெரியும். மாதப் பென்ஷன் எவ்வளவாக இருந்தாலும் அதை 100 என்று வைத்துக்கொள்வேன். வாடகை இத்தனை பங்கு, மருத்துவம் இத்தனை பங்கு என்று பிரிப்பேன். இதைப் பார்ப்பவர்கள் எந்தெந்த நாட்டிலோ இருக்கிறீர்கள், உங்கள் காசு வேறு, என் காசு வேறு. பங்காகச் சொன்னால் யாரும் தன் கணக்கில் போட்டுப் பார்க்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பென்ஷன் ஊரில் இருக்கும் என் கணக்கில் விழும். அங்கிருந்து மாதம் ஒரு தடவை, நான் இப்போது வாழும் இந்த வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொள்வேன். 100 கிளம்பினால் 100 வராது என்பது தெரியும். அனுப்பும் பேங்க் ஒரு கட்டணம் பிடிக்கும், அது அரைப் பங்கு. என் நோட்டில் அதை மட்டும்தான் எழுதி வந்தேன். இந்த மாதம் பணம் வந்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு நாட்டுக் காசை இன்னொரு நாட்டுக் காசாக மாற்றும் அன்றைய சந்தை ரேட்டில் பார்த்தால் 95.8 தான் வந்திருக்கிறது. 4.2 பங்கு குறைகிறது, அந்த அரைப் பங்கு போக மீதி போன இடம் தெரியவில்லை.

இவர் "விடு, 4 தானே" என்றார். எனக்கு விட முடியவில்லை. 4.2 என்பது ஒரு மாதத்துக்கு. 12 மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 50.4. வருடத்தில் அரை மாதப் பென்ஷன்! முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து வாங்கும் பென்ஷன், வழியிலேயே அரை மாதம் கரைந்துபோகிறது என்றால் எப்படி விடுவது?

மறுநாள் காலையிலேயே இங்கிருக்கும் பேங்க்குக்குப் போனேன். எந்த பேங்க் என்று சொல்லப்போவதில்லை, கமென்ட்டில் கேட்க வேண்டாம். கவுன்ட்டரில் இருந்தவர் "எங்கள் கட்டணம் இவ்வளவுதான்" என்று ஒரு சின்னத் தொகையைக் காட்டினார். அது 0.4 பங்கு. மீதி? "அனுப்பியவர்களைக் கேளுங்கள்." ஊரில் இருக்கும் பேங்க்குக்குப் போன் போட்டால் "நாங்கள் முழுசாகத்தான் அனுப்பினோம்" என்கிறார்கள். இரண்டு பக்கமும் உண்மை பேசுகிறார்கள், பணம் மட்டும் குறைகிறது. அப்படியானால் நடுவில் யாரோ இருக்க வேண்டும் இல்லையா?

இருக்கிறார்கள். இரண்டு பேங்க்குக்கும் நேரடிக் கணக்குத் தொடர்பு இல்லாவிட்டால் நடுவில் இன்னொரு பேங்க் வழியாகப் பணம் வரும். அந்த நடு பேங்க் தன் கூலியை வருகிற தொகையிலேயே எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும். கவுன்ட்டரில் அப்படி யாருமே இல்லை என்று அடித்துச் சொன்னார்கள். நான் ஸ்விஃப்ட் நகல் கேட்டேன், அதாவது பணம் அனுப்பும்போது பேங்க்குகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்தியின் நகல். பழைய ஆட்கள் அதை எம்டி 103 என்பார்கள். நீங்களும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலே புரிந்துகொள்வார்கள். மூன்று தடவை அலைந்த பிறகு செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு தாள் கைக்கு வந்தது.

இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். கணக்கு எண்ணை விரலால் மறைத்திருக்கிறேன். மேலே அனுப்பிய தொகை. அதற்குக் கீழே வந்து சேர்ந்த தொகை. இரண்டும் ஒன்றில்லை. அதற்கும் கீழே, பாருங்கள், பொடி எழுத்தில் கட்டணம் என்று ஒரு வரி. 0.8 பங்கு. நான் பெயரே கேள்விப்படாத ஒரு பேங்க். மாதாமாதம் என் பணம் அவர்கள் வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறது.

ஆக, அனுப்பும் கட்டணம் 0.5, நடு பேங்க் 0.8, இங்கே வாங்கும் கட்டணம் 0.4. மொத்தம் 1.7. பாக்கி 2.5 எங்கே? அதுதான் பெரிய ஓட்டை, அதற்கு ரசீதே கிடையாது. சந்தையில் ஒரு ரேட் இருக்கும், பேங்க் போர்டில் வேறொரு ரேட் இருக்கும். அந்த வித்தியாசம்தான் 2.5. கட்டணம் என்ற பெயரில் எங்கும் எழுத மாட்டார்கள். "கமிஷன் இல்லை" என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில்கூட ரேட்டுக்குள் அது உட்கார்ந்திருக்கும். அந்த போர்டைப் பார்த்தாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். பணம் அனுப்பும் படிவத்தில் கட்டணம் யார் பொறுப்பு என்று ஒரு கேள்வி இருக்கும். எல்லாம் அனுப்புபவருடையது, இருவரும் பங்கிட்டுக்கொள்வது, எல்லாம் பெறுபவருடையது என்று மூன்று கட்டம். நான் எப்போதும் நடுவில் இருப்பதைத்தான் டிக் செய்து வந்தேன். அனுப்புவதும் நான், வாங்குவதும் நான், பங்கிட்டால் என்ன என்று நினைத்திருந்தேன். அந்தக் கட்டம்தான் நடு பேங்க்குக்குக் கதவைத் திறந்துவிட்டது.

இனி நல்ல செய்தி. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜரைப் பார்த்தேன். மாதாமாதம் வெளிநாட்டுப் பென்ஷன் வருகிற கணக்கு என்றால் தனி ரேட் தருவார்களாம்! போர்டில் இல்லை, கேட்டால் மட்டும். அதில் வித்தியாசம் 100-க்கு 1 பங்குதான். அப்புறம், இனிமேல் மாதாமாதம் அனுப்பாமல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 300 பங்காக அனுப்பப்போகிறேன், கட்டணம் முழுவதும் அனுப்பும் பக்கத்திலேயே. அதற்கு ஒரு தடவைக்கு 1.5 பங்கு. வருடத்துக்கு நான்கு தடவை, 6. ரேட் வித்தியாசம் 12. மொத்தம் 18. முன்பு 50.4, இனிமேல் 18. எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மூன்று மாதப் பணமும் ஒரே நாள் ரேட்டில் மாட்டிக்கொள்ளுமே என்றார் இவர். நியாயமான கேள்வி. ஆனால் எந்த நாள் நல்ல ரேட் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நாள் பார்த்துக் காத்திருக்காமல் ஒரே தேதியில் அனுப்பினால் ஏற்றமும் இறக்கமும் ஓரளவு சமமாகிவிடும் என்று நினைக்கிறேன்.

நான் நோட்டில் புதிதாக ஒரு வரி போட்டிருக்கிறேன், "வழிச்செலவு" என்று. வாடகைக்கும் மேலே, முதல் வரி. வெளிநாட்டில் வாழ்கிறவர்கள் பென்ஷன் கிளம்பும் தொகையை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. கையில் விழும் தொகை, செலவழிக்கும் காசில் எவ்வளவோ அதுதான் வருமானம். "இந்த நாட்டில் மாதம் இவ்வளவு இருந்தால் ராஜ வாழ்க்கை" என்று வரிசை போடும் வீடியோக்கள் எனக்கு அறவே பிடிக்காது. அந்த வரிசை எதிலாவது வழிச்செலவு இருக்கிறதா பாருங்கள். ரேட் மாறினால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை இருக்கிறதா?

2016 ஜூனில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதாக வாக்களித்தது. மறுநாள் ஒரே நாளில் பவுண்ட் டாலருக்கு எதிராகச் சுமார் 8 சதவீதம் சரிந்தது. அடுத்த சில மாதங்களில் யூரோவுக்கு எதிராகவும் 10 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. ஸ்பெயினில் பவுண்ட் பென்ஷனை நம்பி இருந்தவர்கள் என்ன தப்புச் செய்தார்கள்? அவர்கள் வாடகை ஏறவில்லை, பென்ஷன் குறையவில்லை, ஆனாலும் கையில் வந்தது குறைந்தது. அதனால்தான் நான் 100 பங்கை 80 என்று வைத்து வாழ்க்கையை ஓட்ட முடிகிறதா என்று பார்க்கச் சொல்வது. 80-இல் ஓடாது என்றால் அந்த நாடு உங்களுக்கு இன்னும் கட்டுப்படியாகவில்லை.

இதில் இன்னொரு சிக்கல் விலைவாசி. பென்ஷன் ஏறினால் அது கொடுக்கும் நாட்டின் விலைவாசியைப் பார்த்து ஏறும். நீங்கள் கொடுக்கும் விலையோ வாழும் நாட்டின் விலை. இரண்டும் சேர்ந்தே நடக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சில பென்ஷன் ஏறவே ஏறாது. பிரிட்டன் அரசு பென்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். வருடாவருடம் ஏப்ரலில் ஏற்றுகிறார்கள். அந்தப் பென்ஷனோடு அமெரிக்காவில் குடியிருந்தால் ஏற்றம் உண்டு. கனடாவில் குடியிருந்தால் கிடையாது, போய்ச் சேர்ந்த தொகையிலேயே உறைந்து நிற்கும். நயாகரா அருவிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் ஒரு பாலம். இருபது வருடத்தில் இருவர் கையிலும் வருவது எவ்வளவு வேறாகிவிடும்! ஆஸ்திரேலியா, இந்தியாவிலும் உறைந்த நிலைதான். வீடு பார்ப்பதற்கு முன்பு இந்த ஒரு கேள்வியைப் பென்ஷன் கொடுப்பவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சேமிப்புக்கு வருகிறேன். 4 சதவீதக் கணக்கைப் பற்றிப் பேசச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். அது 1994-இல் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் போட்ட கணக்கு. முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுப்பது, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போவது, 30 வருடம் தாங்கும் என்றார். அவர் எடுத்துக்கொண்டது அமெரிக்கப் பங்குகள், அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்கள், அமெரிக்க விலைவாசி. செலவும் டாலரில். எனக்கு அவர் கணக்கின் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஒரு காசில் சேர்த்து வேறு காசில் செலவழிக்கும் நம்மை மனதில் வைத்துப் போட்டதில்லை அது. நான் 3 சதவீதத்துக்கு மேல் தொடுவதில்லை.

என் மூன்று டப்பா முறை உங்களுக்குத் தெரியும். முதல் டப்பாவில் ஆறு மாதச் செலவு, இங்கத்திய காசில். இரண்டாவதில் மூன்று வருடத்துக்கு, ஏற்ற இறக்கம் இல்லாத இடத்தில். மூன்றாவது நீண்ட நாளுக்கு. முதல் டப்பா இருப்பதால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பணம் அனுப்பும் தைரியம் வந்தது. விசாவுக்காகக் கட்டி வைக்கும் பணத்தை மட்டும் இந்த மூன்றிலும் சேர்க்காதீர்கள். தாய்லாந்தில் 50 வயதுக்கு மேல் ஓய்வுக்காலத்துக்குத் தங்க ஒரு வழி, அங்கத்திய பேங்க்கில் 8 லட்சம் பாட் போட்டு வைப்பது. அனுமதி கிடைத்தும் மூன்று மாதம் அதைத் தொடக் கூடாது, அதற்குப் பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. உங்கள் பணம்தான், ஆனால் ஆஸ்பத்திரி செலவு வந்தாலும் அந்த அளவைத் தாண்டி எடுக்க முடியாது. இதற்குப் பதிலாக மாதம் 65,000 பாட் வருமானம் காட்டும் வழியும் உண்டு. பனாமாவில் ஆயுள் முழுக்க மாதம் 1,000 டாலர் பென்ஷன் வருகிறது என்று காட்ட வேண்டும். அங்கே புழங்குவதே டாலர் என்பதால் டாலர் பென்ஷன்காரர்களுக்கு ரேட் தொல்லையும் இல்லை. எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

வரி பற்றி ஒரு வரி: பல நாடுகள் வருடத்தில் 183 நாள் தங்கினீர்களா என்பதை வைத்து, வரிக்கு நீங்கள் அந்த நாட்டில் குடியிருப்பவரா என்று பார்க்கின்றன, தங்கும் நாட்களை எண்ணி வையுங்கள். மருத்துவத்துக்குத் தனி வீடியோ இருக்கிறது. அதில் சொன்னதையே மறுபடி சொல்கிறேன், ஊரில் இருக்கும் காப்பீடு கூடவே வரும் என்று நம்பாதீர்கள். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் பொதுவாக நாட்டுக்கு வெளியே செல்லாது.

ஐயோ, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். வாழ்நாள் சான்றிதழ். உயிரோடு இருக்கிறோம் என்று வருடம் ஒரு தடவை நிரூபிக்க வேண்டிய பென்ஷன் பல உண்டு. தாமதமானால் நிறுத்திவிட்டுத்தான் கேட்பார்கள். முதல் டப்பா ஆறு மாதம் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகவும்தான்.

குடும்பப் பென்ஷனையும் கணக்கில் எழுதுங்கள். இருவரில் ஒருவர் போன பிறகு பென்ஷன் ஏறக்குறைய பாதியாகிவிடும் திட்டங்கள் நிறைய இருக்கின்றன. வாடகை பாதியாகாது. நாங்கள் இருவரும் போன மாதம் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எழுதினோம். இவர் இல்லாத கணக்கு ஒரு பக்கம், நான் இல்லாத கணக்கு ஒரு பக்கம். நான் தனியாக இருக்கும் பக்கம் 80-இல் நிற்கிறது. அவர் தனியாக இருக்கும் பக்கம் இன்னும் நிற்கவில்லை. அதற்காகத்தான் மிச்சமாகும் அந்த 32.4 பங்கை அப்படியே இரண்டாவது டப்பாவில் போடப்போகிறோம்.

புது முறையில் முதல் பணம் நேற்றுக் கிளம்பிவிட்டது. வியாழக்கிழமை இங்கே விழ வேண்டும். 1.5 பங்கு கட்டணத்தை அங்கேயே தனியாகப் பிடித்துவிடுவார்கள், ரேட் வித்தியாசம் 3 போக 300 பங்குக்கு 297 வந்திருக்க வேண்டும், ஒரு பங்கு குறைந்தாலும் மறுபடி ஸ்விஃப்ட் நகல் கேட்பேன். ரசீது வந்ததும் இதே இடத்தில் உட்கார்ந்து காட்டுகிறேன்.