கைக்கு எட்டிய அளவுதான் படம்: மோட் லூயிஸ்

[திரையில்: நுகத்தடி பூட்டிய இரண்டு எருதுகள். கேமரா மெதுவாக அவற்றின் கண்களை நெருங்குகிறது.]

வணக்கம். இந்த எருதுகளின் கண்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். இமைமுடி எவ்வளவு நீளம், கல்யாணப் பெண்ணுக்கு மை தீட்டிவிட்ட மாதிரி. சுற்றிலும் பூ பூத்திருக்கிறது, வெயில் பளீரென்று அடிக்கிறது, ஆனால் எதற்குமே நிழல் கிடையாது. இதை வரைந்தவர் மோட் லூயிஸ். கனடாவின் கிழக்கு ஓரம், நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், சாலையோரமாக இருந்த ஒற்றை அறை வீட்டில் வாழ்ந்தவர். சிறு வயதிலேயே மூட்டுகளைப் பிடித்த நோய் சாகும்வரை அவரை விடவில்லை.

அவரைப் பற்றி எங்கே படித்தாலும் "அத்தனை வலியிலும் இத்தனை சந்தோஷமான படங்கள்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் அந்த வரியோடு நிறுத்திவிட்டால் அவர் கைகளை நாம் பார்க்காமலே போய்விடுகிறோம். இந்த வீடியோவில் நான் பேச வந்தது அந்தக் கைகளைப் பற்றித்தான்.

[திரையில்: ஒரு அளவுகோல், அதன் பக்கத்தில் 8க்கு 10 அங்குலப் பலகை.]

அவருடைய படங்களில் பல இந்த அளவுதான், நம் வீட்டில் மாட்டியிருக்கும் சாதாரண போட்டோ ஃபிரேம் அளவு. இரண்டடி, மூன்றடிப் பலகையில் வரைந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பணமில்லை, பெரிய பலகை வாங்க முடியவில்லை என்று நானும் முதலில் நினைத்தேன். பணம் இல்லைதான், ஆனால் முக்கியக் காரணம் வேறு. தோளை அவரால் அவ்வளவாகத் தூக்க முடியாது, கையை நீட்டினால் குறிப்பிட்ட தூரம்தான் போகும். அந்தக் கை எட்டும் தூரம்தான் படத்தின் அளவு.

சரி, அவருக்கு என்ன நோய்? குழந்தைகளுக்கு வரும் முடக்குவாதம் என்றுதான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. நம் ஊரில் பெரியவர்கள் சரவாங்கி என்பார்களே, அதே குடும்பம். உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டுக்குள் இருக்கும் சவ்வை எதிரி என்று நினைத்துத் தாக்க ஆரம்பிக்கும். சவ்வு வீங்கும், குருத்தெலும்பு அரிக்கும், நாளாக நாளாக எலும்பே கோணிப்போகும். இது வளரும் வயதில் வந்தால் இன்னும் கொடுமை, ஏனென்றால் வளர்ச்சியையே மாற்றிவிடும். தாடை சிறுத்துப்போகலாம், கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். மோட் லூயிஸின் புகைப்படங்களைப் பார்த்தால் தாடை நெஞ்சை நோக்கிக் கவிழ்ந்திருக்கும், தோள்கள் சரிந்திருக்கும், விரல்கள் மடங்கியிருக்கும், முகத்தில் மட்டும் ஒரு கூச்சச் சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் அவரைக் கேலி செய்தார்கள். 14 வயதில் படிப்பு நின்றது.

மருந்து? கார்டிசோன் மூட்டுவாதத்துக்கு உதவும் என்று கண்டுபிடித்ததே 1948இல். இன்றைக்கு இந்த நோய்க்கு டாக்டர்கள் முதலில் எழுதிக்கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் 1980களில்தான் பரவலானது. நோயின் வேரையே பிடிக்கும் உயிரியல் ஊசி மருந்துகள் 1990களின் கடைசியில் வந்தன. மோட் இறந்தது 1970. அவருடைய மூட்டுகள் கெட்டுக்கொண்டே வந்த காலம் முழுவதும் அதை முழுவதுமாக நிறுத்திவைக்கும் மருந்து யாரிடமும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், எங்கள் பெரியம்மாவுக்கு சரவாங்கி. ஒயர் கூடை பின்னுவதில் கெட்டிக்காரி, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் எல்லாம் அவர் கையில் தண்ணீர் பட்ட பாடு. நான் சின்னப் பையனாக இருந்தபோது மார்க்கெட்டுக்கு எடுத்துப்போகும் பெரிய கூடைகளாகப் பின்னிக்கொண்டிருந்தார். அப்புறம் டிபன் பாக்ஸ் வைக்கும் அளவுக்கு வந்தது, அதற்கும் அப்புறம் சாமிக்குப் பூ எடுத்துவைக்கும் சின்னக் கூடை. பெரியம்மாவுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டோம். காலையில் எழுந்ததும் வெந்நீரில் கை வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்தால்தான் விரல் மடங்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கூடை சிறிதானதற்கும் அதற்கும் யாரும் முடிச்சுப் போடவில்லை. மோட் லூயிஸ் படங்களின் அளவைப் பற்றிப் படித்த அன்று ராத்திரிதான் எனக்கு அது உறைத்தது.

[திரையில்: கையால் வரைந்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள்.]

மோட்டுக்கு வரையக் கற்றுக்கொடுத்தது அவருடைய அம்மாதான். அப்பா கொல்லர், குதிரைச் சேணம் தைப்பவர். தாயும் மகளும் கிறிஸ்துமஸ் அட்டை வரைந்து விற்பார்கள். 1928இல் மோட் கல்யாணமாகாமலே ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார், அந்தக் குழந்தை தத்துக் கொடுக்கப்பட்டது. 1935இல் அப்பா போனார், 1937இல் அம்மாவும் போனார், அதன்பிறகு டிக்பி என்ற ஊரில் சித்தி வீட்டில் அடைக்கலம். அந்த நேரத்தில்தான் பக்கத்து மார்ஷல்டவுனில் மீன் விற்கும் எவரெட் லூயிஸ், வீட்டோடு தங்கி வேலை செய்ய ஒரு பெண் வேண்டும் என்று கடைகளில் விளம்பரம் ஒட்டினார். 1938 ஜனவரியில் இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது.

வீட்டு வேலைக்குத்தான் ஆள் கேட்டார் மனிதர். ஆனால் இந்தக் கைகளால் வீட்டு வேலை எப்படி முடியும்? கடைசியில் சமையல், கூட்டுவது பெருக்குவது எல்லாம் எவரெட் பார்த்துக்கொண்டார், மோட் வரைந்தார். எவரெட்டை நல்லவர் என்பதா கருமி என்பதா என்று எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. பெயிண்டும் பலகையும் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான், படம் விற்ற காசைச் செலவழிக்காமல் முடிந்துவைத்துக்கொண்டதும் அவர்தான்.

[திரையில்: வீட்டின் கதவு, ஜன்னல், அடுப்பு ஒவ்வொன்றாக.]

வீட்டைப் பார்க்கலாம். 13 அடிக்கு 12 அடி, கொஞ்சம் முன்னே பின்னே. கீழே ஒரே அறை, மேலே படுக்க ஒரு பரண். கரண்ட் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. இந்த வீட்டில் மோட் தூரிகை வைக்காத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கதவில் பூவும் பறவையும் பட்டாம்பூச்சியும், ஜன்னல் கண்ணாடியில் டூலிப் பூ, விறகு அடுப்பு மேலே பூ, ரொட்டி வைக்கும் டப்பா, குப்பை அள்ளும் முறம் வரைக்கும் பூ. பலகையில் வரைந்ததாவது விற்பதற்கு. முறத்தை யார் வாங்கப்போகிறார்கள்? அது அவருக்காகவே அவர் வரைந்தது.

உட்காரும் இடம் ஜன்னலோரம். டிவி பார்த்துக்கொண்டே சாப்பிட வைத்துக்கொள்ளும் சின்ன மேசை உண்டே, அதுதான் அவருக்கு ஓவிய மேசை, அதற்கு மேல் பெரியது வைத்தால் கை எட்டாது. பலகைக்கு முதலில் வெள்ளை அடிப்பார், அதன்மேல் கோடு போட்டுக்கொள்வார், பிறகு ட்யூபிலிருந்து பிதுக்கிய நிறத்தை ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே பூசுவார். அதனால்தான் சிவப்பு அப்படிச் சிவப்பாக இருக்கிறது. பனிக்காலப் படத்தில் இலையுதிர்கால மரம் நிற்கும், அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. எருது, கறுப்புப் பூனை, படகு, பனிச்சறுக்கு வண்டி என்று அதையே திரும்பத் திரும்ப வரைந்தார், காரணம், வாங்க வந்தவர்கள் அதையே கேட்டார்கள். வெளியே போய்ப் பார்த்து வரைவது அவருக்குக் கஷ்டம். சின்ன வயதில் பார்த்ததும், எவரெட்டோடு வண்டியில் மீன் விற்கப் போனபோது பார்த்ததும்தான் கடைசிவரை கைவசம் இருந்தது.

அந்த மீன் வியாபாரத்தில்தான் இவர் வியாபாரமும் தொடங்கியது. மீன் வாங்க வருபவர்களிடம் 25 சென்ட்டுக்கு ஒரு அட்டை. அப்புறம் வீட்டு வாசலில் போர்டு வைத்து 2, 3 டாலருக்குப் படம். 1964இல் டொராண்டோவின் ஸ்டார் வீக்லி பத்திரிகையில் கட்டுரை வந்தது, அடுத்த வருடம் கனடாவின் பொதுத் தொலைக்காட்சியான சிபிசி வந்து படம்பிடித்தது, நாடு முழுவதும் தெரிந்துவிட்டது, கடிதமாகக் குவிந்தது. நிக்சன் அதிபராக இருந்தபோது வெள்ளை மாளிகையிலிருந்தே இரண்டு படங்களுக்கு ஆர்டர் வந்தது. அப்போதும் ஒரு படம் 10 டாலரைத் தாண்டவில்லை.

இப்போது இதைக் கேளுங்கள். 1970களில் ஒன்டாரியோவில் ஒரு உணவகத்தில் அவருடைய கறுப்பு லாரி படத்தைக் கொடுத்துவிட்டு ஒருவர் சீஸ் சாண்ட்விச் சாப்பிட்டுப் போயிருக்கிறார். 2022இல் அதே படம் ஏலத்தில் 3,50,000 கனடா டாலருக்குப் போனது. எல்லாரும் இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டால் வயிறு எரிகிறது. கரண்ட் இல்லாத வீட்டில், விறகுப் புகையிலும் பெயிண்ட் நெடியிலும் நுரையீரல் கெட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு, அதில் நூறில் ஒரு பங்கு அன்றைக்குக் கிடைத்திருந்தாலும் வீட்டுக்குள் ஒரு குழாயும் ஒரு நல்ல ஹீட்டரும் வந்திருக்கும்.

1968இல் இடுப்பு எலும்பு முறிந்தது. கடைசி வருடத்தில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகப் போய்வந்துகொண்டு, வீட்டில் இருந்த நாட்களில் அதே மூலையில் உட்கார்ந்து வரைந்துகொண்டே இருந்தார். 1970 ஜூலை 30, நிமோனியா. எவரெட் 1979இல், வீட்டுக்குத் திருட வந்தவன் கையால் இறந்தார். ஆளில்லாத வீடு மழையிலும் பனியிலும் இற்றுப்போக ஆரம்பித்தபோது ஊர்க்காரர்கள்தான் சேர்ந்து அதைக் காப்பாற்றப் போராடினார்கள், 1984இல் மாகாண அரசு வாங்கியது. இன்றைக்கு ஹாலிஃபாக்ஸில் நோவா ஸ்கோஷியா கலைக்கூடத்துக்குள் அந்த முழு வீடும் நிற்கிறது, அடுப்போடு, கதவோடு. மார்ஷல்டவுனில் வீடு இருந்த இடத்தில் அதே வடிவத்தில் ஒரு இரும்புக் கூடு வைத்திருக்கிறார்கள்.

[திரையில்: 1965, கறுப்பு வெள்ளைக் காட்சி. பின்னணி இசை நிற்கிறது.]

சிபிசி எடுத்த அந்தப் பழைய காட்சி கிடைத்தால் தேடிப் பாருங்கள். என் கையில் ஒரு தூரிகை இருந்தால் போதும், எனக்கு ஒரு குறையும் இல்லை என்கிற மாதிரி பேசுவார், அந்தப் பேச்சைத்தான் எல்லாரும் எடுத்துப் போடுகிறார்கள். நீங்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவருடைய இடது கையை மட்டும் பாருங்கள். வலது கை தூரிகையைப் பிடித்திருக்கிறது, அது தானாக நிற்காது, அதனால் இடது கை கீழே வந்து அதற்கு முட்டுக் கொடுக்கிறது. இரண்டு கையும் சேர்ந்து மெதுவாக நகர்ந்து ஒரு பூவைப் போடுகிறது.