மனுவைத் தள்ளினார்கள், பிரச்சினையைத் தள்ளவில்லை: முத்தம்மா வழக்கு

வணக்கம் மக்களே. வெளிச்சம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், ரிங் லைட் சார்ஜில் கிடக்கிறது. அது ஏறும்வரை காத்திருந்தால் என் கோபம் ஆறிவிடும். அதனால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கோபத்துக்குக் காரணம் ஒரு மாதிரி வினாத்தாள். சொந்தக்காரப் பையன் ஒருவன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். "இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் யார்?" என்று கேள்வி, கீழே நான்கு விடை. சி.பி. முத்தம்மா என்று அரை நொடியில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். "சரி, அவங்க என்ன பண்ணாங்க?" என்று கேட்டேன். "முதல்ல சேர்ந்தாங்க" என்கிறான்!

நம் சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், இந்த 'முதல் பெண்' பட்டியல் என்றாலே எனக்கு ஆகாது. ஒரு பெயர், ஒரு வருடம், கதை முடிந்தது. உள்ளே போனவரை உள்ளே இருந்தவர்கள் எப்படி நடத்தினார்கள் என்று ஒரு வரி இருக்காது. முத்தம்மா விஷயத்தில் அந்தக் கதையை உச்ச நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது. இதோ, என் கையில் இருக்கிறதே, இதுதான். 1979 செப்டம்பர் 17-ஆம் தேதித் தீர்ப்பு. சி.பி. முத்தம்மா எதிர் இந்திய ஒன்றியம். சின்னத் தீர்ப்புதான், ஒரு டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம்.

இதைப் பிரிண்ட் எடுத்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சொல்லிவிடுகிறேன். ஃபோனில் தீர்ப்பு படிக்க மாட்டேன், பேப்பரும் மஞ்சள் ஹைலைட்டரும் வேண்டும், அது உங்களுக்குத் தெரிந்ததுதான். பிரிண்ட் கடைக்குப் போனேன். பக்கத்தின் மூலையில் அந்த இணையதளத்தின் லோகோ நீல நிறத்தில், நகக்கண் அளவுக்கு இருக்கிறது. அதனால் இது கலர் பக்கமாம். கலர் என்றால் பக்கத்துக்கு 10 ரூபாய், கறுப்பு வெள்ளை என்றால் 2 ரூபாய். தீர்ப்பு முழுக்கக் கறுப்பு எழுத்து அண்ணா, ஒரு நீலப் புள்ளிக்கு எட்டு ரூபாயா என்றால், "மெஷின் அப்படித்தான் எடுக்கும்" என்கிறார். மெஷின் மேல் பழி! நான் விடவில்லை. கவுன்டரைச் சுற்றிப் போய், பிரிண்ட் செட்டிங்கில் 'கிரேஸ்கேல்' என்று இருக்கும், அதைத் தொடுங்கள் என்று காட்டினேன். தொட்டார். 2 ரூபாய்க்கு வந்தது. பின்னால் வரிசையில் நின்ற அக்கா உடனே, "எனக்கும் அதே மாதிரி போடுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அன்றைக்கு வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறேன் என்று தோன்றியது.

சரி, முத்தம்மா. குடகில் விராஜ்பேட்டையில் 1924-இல் பிறந்தவர். படித்தது நம் சென்னையில், மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி, அப்புறம் மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம். 1948-இல் குடிமைப் பணித் தேர்வில் வென்று, 1949-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். நேர்முகத் தேர்விலேயே, இந்தப் பணி பெண்ணுக்குச் சரிப்படாது என்று அவர் மனதை மாற்றப் பார்த்திருக்கிறார்கள். அவர் அசையவில்லை. சேரும்போது ஒரு உறுதிமொழி எழுதி வாங்கினார்கள்: கல்யாணம் செய்துகொண்டால் வேலையை ராஜினாமா செய்துவிடுவேன் என்று. அவரோடு சேர்ந்த ஆண்களிடம் இப்படி எதுவும் வாங்கவில்லை.

1949-இல் அப்படித்தான் இருந்திருக்கும், வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம் என்று சிலர் சொல்வீர்கள். பிரிட்டனிலும் 1946 வரை பெண்களை ராஜதந்திரப் பணியில் சேர்க்கவே இல்லை. சேர்த்த பிறகும் கல்யாணமானால் வெளியே போ என்ற விதி 1970-களின் தொடக்கம் வரை இருந்தது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் முத்தம்மா நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன விதிகள் எந்த வருடத்தவை? 1961! அரசியல் சாசனம் வந்து பதினோரு வருடம் கழித்து, நம் ஆட்களே உட்கார்ந்து எழுதியவை.

இரண்டு விதிகள். முதலாவது 8(2), நடத்தை விதிகளில் வருகிறது. வெளியுறவுப் பணியில் உள்ள பெண், கல்யாணத்துக்கு முன் அரசிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும், அவருடைய குடும்பப் பொறுப்புகள் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடும் என்று அரசுக்குத் தோன்றினால், ராஜினாமா செய்யச் சொல்லலாம். இடைஞ்சலாக இருந்தால்கூட இல்லை, இருக்கக்கூடும் என்று தோன்றினாலே போதும். இரண்டாவது 18(4), ஆள் எடுக்கும் விதிகளில் வருகிறது. கல்யாணமான எந்தப் பெண்ணும் இந்தப் பணியில் நியமனத்தை உரிமையாகக் கேட்க முடியாது. ஒரே வரி. அந்த இடத்தில் ஹைலைட்டர் பேப்பரைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது.

இதை எழுதிய 1961-ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விஜயலட்சுமி பண்டிட் பற்றி வீடியோ போட்டிருக்கிறேனே, ஞாபகம் இருக்கும். 1947-இல் மாஸ்கோ தூதர், 1949-இல் வாஷிங்டன், 1953-இல் ஐ.நா. பொதுச்சபைக்கே முதல் பெண் தலைவர், அப்புறம் 1961 வரை லண்டனில் இந்திய ஹை கமிஷனர். மூன்று பெண்களின் தாய். உலகமே பார்த்து வியந்த அந்தப் பெண் லண்டனில் இருந்து திரும்பிய அதே வருடத்தில், அவரை அனுப்பிய அதே அமைச்சகத்துக்காக, கல்யாணமான பெண்ணுக்கு உரிமை கிடையாது என்று விதி எழுதியிருக்கிறார்கள். எப்படி முடிந்தது? பண்டிட் போனது பிரதமர் கையால் நடந்த அரசியல் நியமனம். தேர்வு எழுதி, பணிமூப்பு வரிசையில் நின்று மேலே வரும் அதிகாரிக்குத்தான் இந்த விதி. மேலே ஒரு பெண்ணை உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொள்வதில் யாருக்கும் சிரமம் இல்லை. கீழே இருந்து ஒரு பெண் படி ஏறி வரும்போதுதான் எல்லாருக்கும் விதிப்புத்தகம் ஞாபகம் வருகிறது.

இதைவிட ஒன்று இருக்கிறது. 1966-இல் இந்திரா காந்தி பிரதமர். 1967 முதல் 1969 தொடக்கம் வரை வெளியுறவுத் துறையையும் அவரே கையில் வைத்திருந்தார். அதாவது அமைச்சகத்தின் தலைமையில் இரண்டு பிள்ளைகளைப் பெற்ற ஒரு பெண். அவர் கையெழுத்துக்குக் கோப்புகள் போகின்றன. அந்த அமைச்சகத்தின் விதிப்புத்தகத்தில் 18(4) அலுங்காமல் குலுங்காமல் இருக்கிறது. ஒரு பெண் தலைவர் வந்தால் எல்லாம் தானாக மாறிவிடும் என்று கமெண்ட் போடுபவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை பார்க்கவும்.

முத்தம்மா 1970-இல் ஹங்கேரிக்குத் தூதரானார். பணிக்குள்ளிருந்தே வளர்ந்து தூதரான முதல் இந்தியப் பெண். அட, நானே 'முதல் பெண்' என்கிறேன் பாருங்கள், போகட்டும். அப்புறம் கானா. அதற்குப் பிறகுதான் வழக்கு. பணியின் மேல்மட்டமான கிரேடு 1-க்குப் பதவி உயர்வு வரவேண்டிய நேரத்தில், தகுதி போதாது என்று அவரை ஒதுக்கிவிட்டார்கள். அவருக்குக் கீழே இருந்தவர்கள் சிலர் அவரைத் தாண்டிப் போனார்கள். முப்பது வருட சர்வீஸ், இரண்டு நாடுகளில் தூதர், தகுதி போதாதாம். நேராக உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது என் அடிப்படை உரிமையை அரசு மீறுகிறது என்று போடும் மனு. பதவி உயர்வு தருகிற குழுவே பெண்கள் எல்லார் மேலும் தப்பெண்ணம் வைத்திருக்கிறது என்று மனுவிலேயே எழுதிவிட்டார். பணியில் இருந்துகொண்டே! நாம் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்விக்குறி போடவே எத்தனை தடவை யோசிப்போம்?

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தீர்ப்பு முழுக்க 'மிஸ் முத்தம்மா' என்றுதான் வருகிறது. வழக்கு நடக்கும்போது அவருக்கு 55 வயது, 1982-இல் ஓய்வு. கல்யாண விதி போனாலும் இருந்தாலும் அவர் சம்பளத்தில் ஒரு பைசா மாறப்போவதில்லை. ஆனாலும் பதவி உயர்வோடு நிறுத்தாமல் அந்த விதிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து நீதிமன்றத்தில் போட்டார். வினாத்தாளில் கேட்க வேண்டியது இதைத்தான்.

எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், கூட இருந்தவர் பி.என். சிங்கால். கிருஷ்ணய்யர் 1957-இல் கேரளத்தில் முதல்வர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் அமைச்சரவையில் இருந்தவர். 1975-இல் இந்திராவின் தேர்தல் வெற்றி செல்லாது என்ற தீர்ப்புக்கு நிபந்தனையோடு தடை கொடுத்தவரும் அவரே. அவர் ஆங்கிலம் சிலருக்குப் பிடிக்காது, அகராதி இல்லாமல் ஓடாது என்பார்கள். எனக்கு ரொம்பப் பிடிக்கும். எடுத்த எடுப்பிலேயே, இந்த மனுவைப் பார்த்தால், சட்டத்தின் முன் எல்லாரும் சமம், அரசு வேலையில் எல்லாருக்கும் சம வாய்ப்பு என்று சொல்லும் சாசனத்தின் 14, 16-ஆம் பிரிவுகள் நிஜமா, கட்டுக்கதையா என்று சந்தேகம் வருகிறது என்கிறார். குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலைக்கு இடைஞ்சல் என்றால், ஆணுக்கும் அதே இடைஞ்சல் வரலாமே என்று கேட்கிறார். கல்யாணமான ஆணுக்கு ஒரு உரிமை இருந்தால், கல்யாணமான பெண் அதைவிடக் கீழான இடத்தில் நிற்க வேண்டியதில்லை என்கிறார். இந்த விதிகள் இவ்வளவு காலம் தப்பித்ததற்கு அவர் சொல்லும் காரணம்: அரசு ஊழியர்களுக்கு அரசை எதிர்க்கப் பயம்.

அரசுத் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? 18(4)-ஐ எடுத்துவிட்டோம், 8(2)-ம் சீக்கிரம் போய்விடும் என்றது. பதவி உயர்வா? சில மாதம் முன்பு தகுதியில்லை என்று பார்த்தோம், இப்போது மறுபடி பார்த்தோம், தகுதி இருக்கிறது, உயர்த்தி ஹேக் நகரத்துக்குத் தூதராகப் போட்டுவிட்டோம் என்றது. நெதர்லாந்து. சில மாதத்தில் அப்படி என்ன புதுத் தகுதி முளைத்தது? இடையில் ஒரு ரிட் மனுதான் முளைத்தது. வழக்குப் போட்டவர் கேட்டதை வாசலிலேயே கொடுத்துவிட்டால், உள்ளே தீர்ப்புச் சொல்ல எதுவும் மிஞ்சாது பாருங்கள்.

நீதிபதிகளும் வேறு வழியில்லாமல் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். ஆனால் அந்த வரியை எப்படி முடித்தார்கள்: மனுவைத் தள்ளுகிறோம், பிரச்சினையைத் தள்ளவில்லை. ரிட் மனு வந்தால்தான் திருந்துவேன் என்று காத்திருக்காமல், பணி விதிகள் எல்லாவற்றையும் அலசி, பெண்களுக்கு எதிரான கறையை அரசே அகற்ற வேண்டும் என்றும் எழுதினார்கள். இடைப்பட்ட அந்தச் சில மாதத்தில் அவர் இழந்த பணிமூப்பைத் தனியாகக் கவனித்துப் பார்க்கும்படியும் அரசுக்குச் சொன்னார்கள். பணிமூப்பு என்பது இந்திய அரசு வேலையில் கிட்டத்தட்ட மத நம்பிக்கை மாதிரி ஆகிவிட்டது என்று ஒரு குத்தல் வேறு. சில மாதம்தானே என்று நினைக்காதீர்கள். மேலே போகப்போக நாற்காலி குறைவு. யார் முன்னால் நிற்கிறார் என்பதை அந்தச் சில மாதம்தான் முடிவு செய்யும்.

எனக்குப் பிடிக்காத பத்தியும் இதில் இருக்கிறது, மறைக்கப் போவதில்லை. எல்லா வேலையிலும் எல்லாச் சூழலிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை, சில வேலைகளின் தன்மை அப்படி இருக்கலாம் என்று ஒரு பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். வித்தியாசத்தை நிரூபித்தாக வேண்டும் என்று தாழ்ப்பாளும் போட்டிருக்கிறார்கள்தான். ஆனாலும், ஐயா, இவ்வளவு தூரம் வந்துவிட்டு அது எதற்கு?

அமைச்சகத்தில் அதிகாரிகளுக்கு மேலே இருக்கும் பதவி வெளியுறவுச் செயலர். அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்தது 2001-இல், சோகிலா ஐயர். முத்தம்மா சேர்ந்து 52 வருடம் கழித்து. அப்புறம் 2009-இல் நிருபமா ராவ், 2013-இல் சுஜாதா சிங். சுஜாதா சிங்கின் பதவிக்காலத்தை 2015 ஜனவரியில் பாதியில் முடித்துவிட்டார்கள், அது தனி வீடியோ. முத்தம்மா 2009 அக்டோபரில் இறந்தார். நிருபமா ராவ் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த வீடியோவுக்கும் பிரிண்ட் எடுத்தாயிற்று, இந்தக் கட்டு, இதுவும் கிரேஸ்கேல். ஏர் இந்தியா எதிர் நர்கேஷ் மீர்சா, 1981. இதே உச்ச நீதிமன்றம், முத்தம்மாவுக்கு இரண்டே வருடம் கழித்து. முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் விதியை ரத்து செய்தார்கள், நல்லது. ஆனால் வேலையில் சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும் என்ற விதியை அப்படியே விட்டுவிட்டார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு உதவுமாம். ஹைலைட்டர் புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன், வந்துவிடுங்கள்.