அடுப்படியில் நிற்பவரையும் கொஞ்சம் பாருங்கள்

நடுவர் அவர்களே, வணக்கம். 'கோடைக்கு ஏற்றது அடுப்பில் நின்று சமைத்த உணவா, அடுப்பைக் குறைத்த உணவா?' என்பது இன்றைய தலைப்பு. அடுப்பைக் குறைத்த உணவே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "இலை தழையைத் தின்றால் வயிறு நிறையுமா?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். வாங்கட்டும்.

ஆனால் அவர் பேச்சு முழுக்கத் தட்டைப் பற்றியே இருந்தது. அடுப்படியில் நிற்கும் ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. கேஸ் அடுப்பின் ஒரு பர்னர் முழுதாக எரிந்தால் சுமார் 2 கிலோவாட் வெப்பம் வரும். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க வைக்கும் ஹீட்டரும் ஏறத்தாழ அவ்வளவுதான். உச்சி வெயில் நேரத்தில் ஒரு சின்ன அறைக்குள் ஹீட்டரைப் போட்டு, அதன் முன்னால் ஒருவரை ஒரு மணி நேரம் நிற்க வைத்தால் அதைத் தண்டனை என்போம். ஹீட்டருக்குப் பதில் அடுப்பு இருந்தால் மட்டும் சமையலா? போதாததற்கு நீராவி வேறு. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். கொதிக்கும் பானை அந்த ஈரத்தைத்தான் அறைக்குள் ஏற்றுகிறது. ஃபேனைப் போடலாமே என்பார்கள். போட்டுப் பாருங்கள், முதலில் குளிர்வது அடுப்பு!

சரி, வயிற்றுக்கு வருவோம். வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர். அதை மட்டும் தின்றால் எனக்கும் சீக்கிரம் பசிக்கும். யார் அதோடு நிறுத்தச் சொன்னது? டின் கொண்டைக்கடலையை அலசி, வெள்ளரி, தக்காளி, வெங்காயம் நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, எண்ணெய் கொஞ்சம் ஊற்றுங்கள். புரதம், நார்ச்சத்து, கொழுப்பு மூன்றும் வந்துவிட்டன. ஓட்ஸை இரவே தயிரில் ஊறப்போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால், காலையில் பழம் நறுக்குவது மட்டும்தான் வேலை. மெல்லிய அரிசி நூடுல்ஸுக்குக் கெட்டிலில் கொதித்த வெந்நீரை ஊற்றி மூடினால் போதும். உப்பும் புளிப்பும் மட்டும் ஒரு பிடி தூக்கலாக இருக்கட்டும். ஜில்லென்று இருந்தால் நாக்குக்குச் சுவை மங்கலாகத்தான் தெரியும்.

"டின் கடலை வெந்ததுதானே!" என்று அங்கிருந்து குரல் வருகிறது. வெந்ததுதான் ஐயா. ஆனால் என் வீட்டுக்குள் வேகவில்லை. உணவைப் பாட்டிலில் அடைத்து, கொதிநீரில் வைத்துக் கெடாமல் காக்கும் முறைக்காக நிக்கோலா அப்பேர் என்பவர் பிரெஞ்சு அரசிடம் 12,000 ஃபிராங்க் பரிசு வாங்கினார். 1810-ல் அதை நூலாகவும் எழுதினார். இருநூறு வருடப் பழைய வசதியைக் கோடையில் பயன்படுத்தாமல் வேறு எப்போது பயன்படுத்துவது?

எதிரணியின் வலுவான வாதம், வேகாத உணவில் கிருமி என்பது. இதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2011-ல் ஜெர்மனியில், முளைகட்டிய வெந்தயத்தோடு தொடர்புடைய ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் தொற்றில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே பச்சையான முளைப்பயறை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. காய்ந்த ராஜ்மாவும் அப்படித்தான். ஊறவைத்தால் போதாது, நன்றாகக் கொதிக்க வேண்டும். இல்லையென்றால் அதில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வயிற்றைப் புரட்டிவிடும்.

ஆனால் வெந்துவிட்டால் ஆபத்து போய்விட்டதா? கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள். கெடக்கூடிய உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். வெந்த சோற்றுக்கும் இதே கணக்கு. அதில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீருக்கே சாகாதவை. காலையிலேயே ஒரே மூச்சாகச் சமைத்து, மதியம் வரை சமையல் மேடையில் மூடிவைப்பது யார் அணியின் பழக்கம் நடுவர் அவர்களே? நான் அந்த நேரத்துக்கு நறுக்கி, அந்த நேரத்தில் சாப்பிடச் சொல்கிறேன்.

சமைத்தால் தக்காளிக்குச் சிவப்பு தரும் லைக்கோபீன் என்ற சத்து உடம்பில் நன்றாகச் சேரும் என்றார்கள். உண்மை. வைட்டமின் சி குறையும், அதையும் சொல்லியிருக்கலாம்.

கடைசியாக, "சூடாகப் பரிமாறுவதில்தான் அன்பு இருக்கிறது" என்று எதிரணித் தலைவர் உருகினார். மணி அடித்துவிட்டதால் நான் உருகப் போவதில்லை. அந்த அணியில் அடுத்துப் பேச வரும் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி. நேற்று மதியம் உங்கள் வீட்டில் எல்லோரும் சுடச்சுடச் சாப்பிட்டார்களே, சமைத்தவர் எத்தனை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார்? அதைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.