தாண்டவில்லை, சுற்றிப் போனேன்

(குடியாத்தத்தில் ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

மேடையில் இருக்கிற பெரியவர்களுக்கும், மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பார்த்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் பேச்சுக்குத் 'தடைகளைத் தாண்டி' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அச்சடித்த பிறகுதான் எனக்குக் காட்டினார்கள். முன்னாலேயே காட்டியிருந்தால் மாற்றச் சொல்லியிருப்பேன். வெள்ளாடு வேலியைத் தாண்டும். நான் எருமை மாதிரி. வேலி எங்கே முடிகிறதோ அதுவரைக்கும் ஓரமாகவே நடந்து, சுற்றிக்கொண்டு போனவள்.

1996-ல் பத்தாவது பரீட்சை. கணக்கில் 27 மார்க். எனக்குத் தமிழ் டீச்சர் ஆகவேண்டும் என்று ஆசை. ஆறாவதிலிருந்தே வீட்டுச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி, தெருப் பிள்ளைகளை உட்காரவைத்து மிரட்டுவேன். அந்த 27-க்குப் பிறகு எங்கம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "இன்னாடி, இதுக்கு மேல படிச்சி இன்னா பண்ணப்போற?" அதில் கோபம் இல்லை. கடன் இருந்தது. அடுத்த வருஷம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி வேனில் ஏறினேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் வேன், மடியில் டிபன் டப்பா, உள்ளே போனால் சொல்யூஷன் பசை வாடை. முதலில் பேஸ்டிங், பிறகு தையல் செக்‌ஷன். ஷூவின் மேல்பாகத்தை 'அப்பர்' என்போம். ஒரு நாளைக்கு எத்தனை அப்பர் என் கை வழியாகப் போயிருக்கும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அவ்வளவும் கப்பலேறிப் போய்விடும். நான் தைத்த ஷூவை ஒருவர் காலில் பார்த்ததில்லை.

அந்த வேலையைக் கேவலமாகப் பேச நான் வரவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் என் தங்கை கல்யாணம் நடந்தது, என் மகள் படித்தாள். 'பிடிக்காத வேலையை உதறிவிட்டுக் கனவைத் துரத்து' என்று மேடையில் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். வீட்டு வாடகையை யார் கட்டுவது? நான் எதையும் உதறவில்லை. வேனில் போகும்போது படித்தேன், அவ்வளவுதான்.

2014-ல் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினேன். கணக்கில் 31. மறுபடி ஃபெயில். இதில் ஒரு வேடிக்கை. அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப். பிடித்தால் கையில் எவ்வளவு வரும் என்று மனக்கணக்காகச் சொல்வேன். அதே சதவீதம் கேள்வித்தாளில் வந்தால் கை நடுங்கும். அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். "அம்மா, எக்ஸ்னா ஒண்ணும் இல்ல. இன்னும் கவர் பிரிக்காத சம்பளம். எவ்ளோன்னு கண்டுபிடிக்கணும், அவ்ளோதான்." அடுத்த வருஷம் 38.

எங்கிருந்து உங்களுக்குத் தைரியம் வந்தது என்று கேட்கிறார்கள். மூன்றாம் தடவை பரீட்சைக்குப் போன அன்று தைரியமெல்லாம் இல்லை. லீவு கேட்டதற்குச் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சிரித்தது மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கட்டின பரீட்சைப் பணம் வீணாகப் போகுதே என்றுதான் போனேன். கஞ்சத்தனம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். தைரியம் அதற்கப்புறம் வந்தது, கணக்குப் பரீட்சை முடிந்து வெளியே டீ குடிக்கும்போது.

இந்தப் படிப்பு ஓடிக்கொண்டிருந்த நாளில்தான் டாக்டர் மேரி வர்கீஸ் பற்றி வாசித்தேன். நம் வேலூரில் வாழ்ந்த அம்மா. கொச்சியில் பிறந்து, சி.எம்.சி. என்கிற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று இருந்தார். 1954-ல் ஒரு வண்டி விபத்து. முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. முகத்திலும் காயம், தழும்பு. வயது முப்பதுகூட ஆகவில்லை.

பிரசவம் பார்க்கிற டாக்டர் நின்றாக வேண்டும், ஓடியாக வேண்டும். அந்தக் கதவு அடைத்தாயிற்று. அப்போது அங்கே டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தும் வேலையை 1940களின் கடைசியில் வேலூரில் தொடங்கியவர். கையில் செய்கிற ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாமே என்பது அவர் யோசனை. நோயாளியின் கை மேஜைமேல், டாக்டர் சக்கர நாற்காலியில். மேரி அம்மா அப்படி உட்கார்ந்து எத்தனையோ கைகளைச் சரிசெய்தார்.

அந்த ஆபரேஷன் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டபோது எனக்குப் புல்லரித்தது. தொழுநோயில் முழங்கை வழியாகப் போகிற நரம்பு கெட்டால், விரலை நீட்டி வைக்கும் சின்னத் தசைகள் செத்துப்போகும். விரல்கள் கழுகு நகம் மாதிரி உள்ளே வளைந்துகொள்ளும். செத்த தசைக்கு உயிர் கொடுக்க முடியாது. அதனால் அதே கையில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிற நல்ல தசைநாண் ஒன்றைப் பிரித்துக் கொண்டுவந்து விரலில் தைக்கிறார்கள். சில வாரம் மாவுக்கட்டு. பிறகு, உனக்கு இனி இதுதான் வேலை என்று அந்தத் தசைக்குப் பயிற்சி கொடுத்துக் கொடுத்துப் பழக்க வேண்டும். விரல் நிமிரும். ஆனால் தோல் உணர்ச்சி திரும்பாது. சுடு டம்ளரைப் பிடித்தால் இன்னமும் தெரியாது. எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று யாரும் பொய் சொல்வதில்லை. நான் பதினேழு வருஷம் தோலைத் தைத்தவள், அதனால் இது எனக்கு ரொம்ப நெருக்கமாகப் பட்டது.

பிறகு அந்த அம்மா வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம் 1966-ல் வேலூர் பாகாயத்தில் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. மகப்பேறு மருத்துவர் மட்டும் ஆகவேயில்லை.

அந்த சி.எம்.சி.யைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாவைச் சொல்லாமல் வேலூர்க்காரர் யாரும் மேடையிலிருந்து இறங்குவதில்லை. பிரசவத்தில் தவிக்கிற மனைவியைக் காப்பாற்றச் சொல்லி ஒரே ராத்திரியில் மூன்று பேர் கதவைத் தட்டிய கதை உங்களுக்கே மனப்பாடம், விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தது அவருடைய வயதான காலம். 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கி, இருபது வருஷம் நடத்தி, நிம்மதியாக உட்கார வேண்டிய வயதில் சட்டம் மாறியது. எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்த்து, இல்லையென்றால் மூடு என்ற நிலை. 1941-ல், எழுபது வயதைத் தாண்டிய கிழவி, கப்பலேறி அமெரிக்காவுக்குப் பணம் திரட்டப் போனார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. தொடங்கும்போது இருக்கிற தைரியத்தை எல்லாரும் பாடுவார்கள். கட்டி முடித்ததை மறுபடி கட்டச் சொன்னால் வருகிற ஆயாசத்தை யாரும் பாடுவதில்லை.

நம் வேலூரைக் கிண்டல் பண்ண ஒரு பழைய பேச்சு உண்டே: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். நான் பிறந்த 1981-ல்தான் ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்தார். சாமியே அத்தனை காலம் வெளியூரில் தங்கியிருந்தார், நீ ஏழு மணி வேனுக்கு அவசரப்படுகிறாயே என்று எங்கம்மா என்னைக் கேலி செய்வார்.

சரி, டீச்சர் ஆகிவிட்டாயா என்றால், இல்லை. பி.எட்., தகுதித்தேர்வு என்று இன்னும் எவ்வளவோ இருக்கிறது, வயதும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு மாரியம்மன் கோயில் திண்ணையில் பதினோரு பேர் வருகிறார்கள். எல்லாரும் கம்பெனிப் பெண்கள், பத்தாவதை விட்டவர்கள். தமிழ் நான் எடுக்கிறேன், கணக்கு என் மகள். இது போதும் என்று நான் சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் எனக்குப் போதவில்லை. பள்ளிக்கூடம் வழியாகப் போகும்போது மணிச் சத்தம் கேட்டால் இன்னமும் வயிற்றில் என்னவோ செய்கிறது.

திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. தமிழ் மூன்றாம் வருஷம். ஒரு பேப்பர் அரியர். எது என்று நினைக்கிறீர்கள்? யாப்பிலக்கணம். கணக்குக்குப் பயந்து தமிழுக்கு ஓடிவந்தால் இங்கேயும் அசையை எண்ணு, சீரை எண்ணு என்கிறார்கள். ஒன்பது மணிக்கு ஆம்பூர் பஸ், மன்னியுங்கள், நான் கிளம்ப வேண்டும். உட்கார இடம் கிடைத்தால் பேர்ணாம்பட்டு வருவதற்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிடுவேன்: நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நிரைநிரை கருவிளம்...