பத்தொன்பது மில்லிமீற்றர்

(கிளிநொச்சியில் நடந்த ஒரு பாராட்டுக் கூட்டத்தில் பேசியது)

அவையோர்க்கு வணக்கம். எனக்கு முன்னம் பேசியவர்கள் தம்பியை விஞ்ஞானி என்றார்கள், மண்ணின் மைந்தன் என்றார்கள். பாவம், அவர் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறார். அவர் சின்னக் கோச்சி செய்கிற பிள்ளை. நான் அந்தக் கோச்சியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

கடல் கடந்து மாதிரி ரெயில் செய்கிறவர்கள் அவருக்குப் பட்டயம் அனுப்பியிருக்கிறார்கள். எதற்காக? அங்கே கடையில் தண்டவாளம், சிக்னல் எல்லாம் பெட்டியில் கிடைக்கும். அதிகம் புழங்குவது எச்.ஓ. என்கிற அளவு; உண்மையில் 87இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். ஐரோப்பாவின் நாலடி எட்டரை அங்குலப் பாதைக்கு அது சரி. எங்கட பாதையோ ஐந்தரை அடி, அதாவது 1,676 மில்லிமீற்றர். 87ஆல் பிரித்தால் 19.3 வரும். மூன்று மில்லிமீற்றர்கூட வித்தியாசமில்லை. கடைச் சாமானை வாங்கி ஒட்டியிருந்தால் இந்த மண்டபத்தில் ஒருவரும் கண்டுபிடித்திருக்க மாட்டோம். தம்பி கம்பியை மட்டும் வாங்கினார். பனஞ்சிலாகையைச் சீவிச் சிலிப்பர் கட்டை செய்து, ஒவ்வொன்றாக ஒட்டி, 19.3இல் பழைய மாங்குளம் ஸ்ரேசனைப் போட்டார்.

கல்லுக்குக் கிறவலைத் தேத்தண்ணி வடியால் அரித்துக் கொட்டியிருந்தார். பார்க்க வந்த ஒரு முதியவர், பாதையில் வேலை செய்தவராம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுவிட்டு, "தம்பி, றோட்டுக்கல்லோ கிறவல்? தண்டவாளத்துக்குக் கருங்கல்" என்றார். அவ்வளவும் சுரண்டி எடுத்துத் திரும்பப் போட ஒரு மாதம். பட்டயத்தைவிட அந்த ஒரு மாதம் எனக்குப் பெரிது.

கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஓடுகிற யாழ்தேவிக் கோச்சி ஓடத் தொடங்கியது 1956இல். 1990 ஜூனோடு வவுனியாவுக்கு வடக்கே ஓட்டம் நின்றது. தண்டவாளமும் சிலிப்பரும் காவலரணுக்கும் பங்கருக்கும் போயின. 2013 செப்ரெம்பர் 14 அன்று கிளிநொச்சிக்குக் கோச்சி திரும்பி வந்தபோது தம்பிக்குப் பன்னிரண்டு வயது. வாழ்க்கையில் முதல் முதல் அன்றைக்குத்தான் கோச்சியைக் கண்டாராம். புதிய பாதை கொங்கிறீற் சிலிப்பரில் கிடக்கிறது. மரச் சிலிப்பரை அவர் எங்கே போய் அளப்பார்?

என்னிடம் வந்தார். "ஐயா, பழைய சிலிப்பர் எவ்வளவு அகலம்?"

நான் யோசிக்கவே இல்லை. ஒரு சாணும் ஒரு விரலும். எங்கட வளவுப் பங்கரின் கூரை பதினொரு சிலிப்பர். செல் விழுகிற இரவுகளில் மல்லாந்து கிடந்து, கையை நீட்டி, இருட்டில் அளந்து அளந்து எண்ணிய கட்டைகள். தம்பி என் கையை ரேப்பால் அளந்து கணக்குப் பார்த்தார். 87இல் ஒன்று, மூன்று மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. குறித்துக்கொண்டு போய்விட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

பங்கரை மூடியபோது ஒரு சிலிப்பரில் இருந்த ஆணியைக் கழற்றி வைத்திருந்தேன். ரெயில்வேச் சொத்துத்தான், திணைக்களத்தார் சபையில் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொன்னாடையை மற்றவர்கள் போர்த்துவார்கள்.

தம்பி, இப்படி வாரும். துரு கையில் பிடிக்கும், பார்த்து வாங்கும்.